படியெடுத்தலும் கூடு பாய்தலும்

சாவினை வெல்ல வேண்டும் என்னும் வேட்கை புதியதன்று. அதற்கு வாய்த்திருப்பதாகச் சொல்லப்படும் கருவியே புதியது. மனிதன் உள்ளத்தைக் கணிப்பொறியில் ஏற்றிப் பொறியுடல் ஒன்றில் குடியிருத்தினால் அவன் இறவாது வாழ்வான் என்பது ஒரு சாரார் கொள்கை. உருசிய நாட்டுச் செல்வர் திமித்ரி இத்ஸ்கோவ் 2011இல் தொடங்கிய ‘2045 முயற்சி’ இக்கொள்கைக்குத் தெளிவான வடிவம் தந்தது. இதனைத் தமிழில் எடுத்துரைக்கப் புகுவார்க்குக் ‘கூடு விட்டுக் கூடு பாய்தல்’ என்னும் பழந்தொடர் நினைவுக்கு வருதல் இயல்பே. அத்தொடர் இதற்குப் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராய்வது. இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. ஒருவன் பிழைத்தானா, இறந்தானா என்னும் வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

அம்முயற்சி நான்கு கட்டங்களை வகுத்தது. மூளையின் ஏவலால் இயங்கும் பொறியுடலை 2020க்குள் ஆக்குதல் முதலாவது. வாழ்நாள் இறுதியில் மூளையையே பொறியுடலுக்கு மாற்றுதலை 2025க்குள் நிறைவேற்றல் இரண்டாவது. ஆளுமையைச் செயற்கை மூளைக்குப் பெயர்த்தலை 2035க்குள் முடித்தல் மூன்றாவது. ஒளியுருவான உடலை 2045க்குள் அடைதல் நான்காவது. இவற்றுள் முதலாவதற்கு ஓரளவு அடிப்படை உண்டு. கைகால் செயலிழந்த பெண்மணி ஒருவர், மூளையிற் பதித்த நுண்கருவியின் வாயிலாகப் பொறிக்கை ஒன்றை இயக்கிக் காப்பி பருகிய செய்தி 2012இல் ஆய்விதழில் வெளிவந்தது. ஆயினும் அங்கே மாறியது கையே. ஏவியது அவருடைய உயிருள்ள மூளை. மனித மூளை எதுவும் இதுவரை பொறியுடலில் வைத்து வாழ்விக்கப்பட்டதில்லை.

மூன்றாம் கட்டமே நம் வினாவுக்கு நிலைக்களன். உள்ளத்தைப் பெயர்க்க வேண்டின், மூளையின் நரம்பமைப்பை முதலில் முற்றும் வரைதல் வேண்டும். 302 நரம்பணுக்களே உடைய சிறு புழுவின் வரைபடம் 1986இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்கள் கொண்ட பழ ஈயின் மூளைப்படம் 2024இல் வெளிவந்தது. மனித மூளையிலோ அவை ஏறத்தாழ 8,600 கோடி. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தாரும் கூகுள் நிறுவனத்தாரும் மனித மூளைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டர் அளவான துணுக்கின் படத்தை 2024இல் வெளியிட்டனர். அத்துணுக்கில் மட்டும் ஏறத்தாழ 57,000 அணுக்களும் 15 கோடி இணைப்புகளும் காணப்பட்டன. அதனை 5,000க்கு மேற்பட்ட மெல்லிய சீவல்களாக அறுத்த பின்னரே வரைய இயன்றது. இத்துணை நுட்பமாக வரையுமிடத்து, வரையப்படும் பகுதி வரைதற்கு முன்னரே உயிரற்றதாகின்றது என்பது கருதத்தக்கது.

இனிக் கூடு பாய்தலை நோக்குவோம். சேக்கிழார் கூறும் திருமூலர் வரலாறே இதற்குத் தலையாய சான்று. கயிலையினின்று வந்த சிவயோகியார், இடையன் மூலன் இறந்து கிடப்பதையும் ஆநிரைகள் வருந்துவதையும் கண்டு, தம் உடலை ஓரிடத்தே வைத்து அவனுடலிற் புகுந்தார். மாலையில் ஆநிரைகள் சாத்தனூர் சென்றன. மூலன் மனைவி வந்து அணுகியபோது, தமக்கும் அவளுக்கும் உறவில்லை என்று அவர் விலக்கினார். கணவன் உடல் கண்முன் நிற்கவும் அவள் கணவனை இழந்தவளே. இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. பாய்வது ஓர் உயிரே. அது புகுந்தவிடத்து, விட்ட கூடு வெறுங்கூடாகின்றது. இரண்டு கூடுகளும் ஒருங்கே விழித்திருத்தல் இல்லை.

கணிப்பொறியில் ஏற்றுதலோ இத்தன்மைத்தன்று. அங்கே பெயர்வது யாதும் இல்லை. அமைப்பு ஒன்று பார்த்து எழுதப்படுகின்றது. மூலத்தை அழிக்காமல் எழுதும் வழி பின்னொருநாள் கிடைக்குமாயின், மூலமும் படியும் எதிரெதிர் நின்று இருவரும் ‘யானே அவன்’ என்பர். மூலமாயவன் மறுநாள் இறப்பின், அவன் இறப்பைப் படியாயவன் வாழ்வு தடுத்ததாகுமா? தடுக்கவில்லை என்றே நாம் கருதுகின்றோம். மூலம் முன்னரே அழிந்துபடினும் விடை வேறாகாது. வினவுதற்கு அவன் இல்லை என்பதே வேறுபாடு.

ஏடுகளோடு பழகிய நமக்கு இதனை மறுக்கும் ஓர் எண்ணம் தோன்றலாம். ஓலை சிதைவது, நூல் சிதைவதில்லை. வழிவழியாகப் படியெடுத்தமையால் அன்றோ சீவக சிந்தாமணி உ. வே. சாமிநாதையர் கைக்கு எட்டி 1887இல் அச்சேறியது? நூல் படியால் வாழுமெனின், மனிதனும் வாழலாகாதோ எனின், ஆகாது என்க. நூல் தன்னைத்தான் உணர்வதில்லை. நூறு படிகள் இருப்பினும் நூல் ஒன்றே. ஓர் ஏடு எரியின் நூலுக்கு நோவில்லை. மனிதனோ தன் நோவைத் தானே உணர்பவன். அவன் எழுதப்பட்ட செய்தி மட்டும் அல்லன்; அச்செய்தி வாழும் ஓலையும் ஆவான். படியால் எஞ்சுவன அவன் நினைவும் சொல்லும் பழக்கமும். அவை சுற்றத்தார்க்குப் பெரும்பேறாகலாம். ஆயினும் சாத்தனூர்ப் பெண்ணுக்கு நேர்ந்தது அவர்க்குத் தலைகீழாக நேரும்: அவள் முன் உடல் இருந்தது, கணவன் இல்லை, இவர் முன் பேச்சு இருக்கும், பேசியவன் இரான்.

இதற்கு வலிய தடை ஒன்று உண்டு. ஹான்ஸ் மொராவெக் 1988இல் வெளியிட்ட நூலில், விழித்திருக்கும் ஒருவன் மூளையைச் சிறிது சிறிதாகப் பொறியால் மாற்றிச் செல்லும் முறையைக் கற்பனை செய்து காட்டினார். உணர்வு எவ்விடத்தும் அறாது தொடருமாயின், இறந்தான் என எப்பொழுது கூறுவது? இவ்வினா எளிதில் விடுபடுவதன்று. ஆயினும் இங்கு அவனைக் காப்பதாகக் கொள்ளப்படுவது தொடர்ச்சியேயன்றி ஒப்புமை அன்று. ஆகவே ஒப்புமை ஒன்றே போதும் என்னும் படிக்கொள்கைக்கு இவ்வெடுத்துக்காட்டு துணையாகாது.

மேலும், தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகுக்குமிடத்து ஊறு முதலாகத் தொடங்கி, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி எனப் படிப்படியே ஏறி, மனத்தை ஆறாவதாக வைத்தது. மனம் ஐம்புலன்களின்மேல் வைத்து எண்ணப்பட்டது. அவற்றை நீக்கித் தனித்து எண்ணப்படவில்லை. பொறியுடல் இப்புலன்களுக்கு ஈடு தருமா என்பதும் தனித்து ஆராயத்தக்கது.

ஆதலின் இச்செயலைக் குறிக்கக் ‘கூடு பாய்தல்’ என்னும் தொடரை ஆளுதல் பொருந்தாது. ‘மனப்படி எடுத்தல்’ என்பதே அமைவுடைத்து. முன்னையது பிழைப்பேன் என்னும் உறுதியைச் சொல்லிலேயே தந்துவிடுகின்றது. சாவின் வாயிலில் நிற்பான் ஒருவன் அவ்வுறுதியை நம்பித் தன் மூளையை அறுக்க இசையக்கூடும். அவனுக்கு உண்மையான பெயரைச் சொல்லுதல் மொழியறிஞர் கடமையாகும்.