200 எம்பிபிஎஸ் பிளான், 94-ல் நிற்கும் வேகம்

கணினியில் லேன் கேபிளைச் செருகி வேகத்தை அளந்தால் 94 வருகிறது. மறுபடி அளந்தால் 93. காலையில், மதியத்தில், நள்ளிரவில் எப்போது பார்த்தாலும் அதே எண். பணம் கட்டுவதோ 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு. கேபிள்காரருக்குப் போன் போகிறது. அவர் வந்து பார்த்துவிட்டு, "லைன் நல்லாத்தான் இருக்கு சார்" என்கிறார். வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வருவதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் பெரும்பாலும் கேபிள்காரர் பக்கம்தான் நியாயம்.

வேகம் ஏறி இறங்கினால் லைனைச் சந்தேகிக்கலாம். 94-ல் ஆணி அடித்தாற்போல நின்றால் ரவுட்டரைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்க வேண்டும். மலிவான பெட்டிகளில் லேன் போர்ட்டின் உச்சவரம்பே 100 எம்பிபிஎஸ்தான். தகவலைச் சுமந்து செல்லும் உறைக்கான செலவு போக, கையில் கிடைப்பது 94 சொச்சம். அந்த வாசலுக்கு 300 எம்பிபிஎஸ் வந்தாலும் உள்ளே நுழைவது அவ்வளவுதான். வாங்கும்போது அட்டையில் '10/100' என்று மட்டும் இருந்தால் அது பழைய வகை. '10/100/1000' அல்லது 'கிகாபிட்' என்று இருக்க வேண்டும். போர்ட் சரியாக இருந்தும் 94-தான் வருகிறது என்றால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் 8 கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். ஒன்று அறுந்தாலும், பிளக்கில் சரியாக உட்காராவிட்டாலும் வேகம் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

கோட்டை ஊரான செஞ்சிக்கு இந்த இணைய வேகக் கணக்கு இப்போது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சிக் கோட்டை மட்டும்தான். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டையைப் பார்க்க வருகிறவர், லாட்ஜில் அறை எடுத்ததும் முதலில் கேட்பது வைஃபை பாஸ்வேர்டை. செல்போன் கோபுரத்தை நம்பி மட்டும் இதைச் சமாளிப்பது கடினம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்கிறது 2010-ல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டம். போதாததற்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று கருங்கல் குன்றுகள் வேறு. பாறை அலைக்கு வழிவிடுவதில்லை. ஆகவே கம்பத்தில் தொங்கி வரும் ஃபைபரே இங்கே நிதானமான வழி.

அந்த ஃபைபரிலும் ஒரு விவரம் உண்டு. வீடுகளுக்கு வரும் ஜிபான் முறையில் ஓர் இழையில் ஓடும் சுமார் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. இரவு எட்டு மணிக்குத் தெருவே படம் பார்க்கும்போது வேகம் குறைந்தால், புது ரவுட்டர் வாங்கிப் பயனில்லை.

இனி வைஃபை. கடையில் அட்டையின் மேல் 'ஏசி 1200' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காகிதத்தில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் காகிதத்தில் 867. இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் ஏற்றி முழு எண்ணாக்கியதுதான் 1200. ஒரு போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இணையும் என்பதால் இந்தக் கூட்டுத்தொகை யார் கைக்கும் வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், இதே 1200 பெட்டிகளில் சிலவற்றுக்குப் பின்னால் இருப்பது 100 எம்பிபிஎஸ் போர்ட். முகப்பில் எழுதியதைக் காட்டிலும் முதுகில் எழுதியதைப் படிப்பதே லாபம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பெட்டியை இன்று வாங்க வேண்டாம். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் பத்து ரவுட்டர்கள் அந்த மூன்றுக்கும் அடித்துக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்தப் பட்டையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பரப்பை இன்னும் அகலமாக்கியது. ஆனால் சுவரைத் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸ் சோம்பேறி. நம் வீடுகளில் கேபிள் நுழையும் இடத்திலேயே, அதாவது வாசல் ஜன்னலோரத்தில் டிவிக்குப் பின்னால், ரவுட்டரை வைத்துவிடுகிறோம். பக்கத்தில் இரும்பு பீரோ, அதில் ஆளுயரக் கண்ணாடி. இரண்டுமே அலையைத் திருப்பி அடிப்பவை. அங்கிருந்து சமையலறை தாண்டிப் பின்கட்டுவரை சிக்னல் போகவில்லை என்று எட்டாயிரம் ரூபாய் ரவுட்டர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு லேன் கேபிள் இழுத்து, வீட்டின் நடுவில் ஆளுயரத்தில் பெட்டியை மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

2017 ஜூலை கடைசியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வாடிக்கையாளர் பலரின் மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. இணையம் வழியாகப் பரவிய ஒரு தீநிரல்தான் காரணம். பூட்டை உடைக்கும் வேலையே அதற்கு இருக்கவில்லை. பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்று தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டிருந்த பெட்டிகளுக்குள் அது நேராக நுழைந்தது. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். போனில் போடும் வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போகும் பாஸ்வேர்டு வேறு. பலர் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

முதலாவதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2008 ஜூலையில் ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சலின் தடம் நவி மும்பையில் ஒரு வீட்டில் போய் நின்றது. அங்கே வசித்தவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூட்டப்படாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் போலீஸ் முதலில் தட்டியது அவர் கதவைத்தான். லாட்ஜ், டீக்கடை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். விருந்தினருக்கென்று தனி 'கெஸ்ட்' நெட்வொர்க் போடும் வசதி இரண்டாயிரம் ரூபாய் ரவுட்டரிலேயே கிடைக்கிறது. பில் போடும் கணினியும் சிசிடிவி கேமராவும் ஒரு பக்கம், வருகிறவர்கள் போன்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்துவிடலாம். பொத்தானை அமுக்கினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுவது நல்லது. பொத்தானுக்குப் பதிலாகப் போடும் அதன் 8 இலக்க எண்ணைப் பாதி பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று பாக்கி: இந்த மாடலுக்குக் கம்பெனி எத்தனை ஆண்டு அப்டேட் தரும்? ரவுட்டரும் ஒரு சின்னக் கணினிதான். அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும், கம்பெனி அடைக்கும். ஆதரவு முடிந்த மாடலுக்கு யாரும் அடைக்க மாட்டார்கள். அப்படிக் கைவிடப்பட்ட பழைய ரவுட்டர்களைக் குற்றக் கும்பல்கள் பிடித்துத் தங்கள் தடத்தை மறைக்கப் பயன்படுத்துகின்றன என்று 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பது சட்டவிரோதம்; எவ்வளவு காலம் அப்டேட் வரும் என்பதையும் வாங்குபவருக்குத் தெரியும்படி சொல்லியாக வேண்டும். நம்மூர்க் கடையில் அந்தத் தேதியை அட்டையில் தேடினால் கிடைப்பது அரிது. அதனால் வாங்கும் முன் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் தளத்தில் பாருங்கள். கடைசி அப்டேட் வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் ரவுட்டரை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அடாப்டரில் இருக்கும் பிஐஎஸ் முத்திரை மின்சாரப் பாதுகாப்புக்கு மட்டும் பொறுப்பு. அப்டேட்டுக்கு அது உத்தரவாதமல்ல.

விலைக்கு வருவோம். டூயல் பேண்ட், கிகாபிட் போர்ட், டபிள்யூபிஏ 3 பூட்டு மூன்றும் உள்ள தெரிந்த கம்பெனிப் பெட்டி இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் அமையும். ஒரே நேரத்தில் பதினைந்து இருபது கருவிகள் இணையும் இடம் என்றால் இன்னும் ஆயிரம் போட்டு வைஃபை 6 வாங்கலாம். வைஃபை 7 இப்போதைக்கு வீண் செலவு. 4கே படத்துக்கே சுமார் 15 எம்பிபிஎஸ் போதும். 100 எம்பிபிஎஸ் பிளானில் இருக்கிற குடும்பத்துக்கு, கேபிள்காரர் கொடுத்த பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸும் அப்டேட்டும் வந்தால் எதையும் வாங்கத் தேவையில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறக்க முடியாதபடி நிறுவனம் பூட்டி வைத்த பெட்டி என்றால், 'பிரிட்ஜ் மோடு' போட்டுத் தரச் சொல்லிவிட்டுச் சொந்த ரவுட்டரை அதன் பின்னால் மாட்டலாம்.

கரண்ட் போகும்போது நெட் நிற்காமல் இருக்க மினி யூபிஎஸ் வாங்குகிறவர்கள் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடக்கூடும். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி தனிப் பெட்டியாக இருந்தால் அதற்கும் பேட்டரி இணைப்பு வேண்டும். இரண்டுக்கும் கொடுத்தும் இணையம் போகிறது என்றால் தடை உங்கள் வீட்டில் இல்லை. கேபிள்காரரின் அறையில் இருக்கும் கருவிக்கு எத்தனை மணி நேரம் பேட்டரி தாங்கும் என்று இணைப்பு வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.