நிலத்தடி நீரைத் தேடுதல்

கோயம்புத்தூரில் ஆர்.எஸ்.புரம் என வழங்கும் பகுதியின் முழுப்பெயர் இரத்தினசபாபதிபுரம் என்பதாகும். சிறுவாணி நீரை நகருக்குக் கொணரப் பெரிதும் உழைத்த நகரசபைத் தலைவர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அஃது அமைந்தது. நீர் தந்தவர் பெயரை ஊர் தாங்கி நிற்கிறதென்றால், அங்கு நீர் எத்துணை அரிய பொருள் என்பது விளங்குமன்றோ? மலையாற்று நீர் எட்டாத கொங்கு நாட்டு வயல்களில் உழவர் பலர் நிலத்தடி நீரையே நம்பி வாழ்கின்றனர்.

பூமிக்கு அடியில் ஆறு ஓடுகிறது என்று பலர் எண்ணுவர். கொங்கு நாட்டின் பெரும்பகுதியில் அடித்தளம் கடும்பாறை. மேலே சிதைந்து நெகிழ்ந்த பாறையிலும், கீழே உள்ள வெடிப்புகளிலுமே மழைநீர் இறங்கித் தங்கும். ஆதலின் ஒரு கிணற்றில் நீர் பெருக, அடுத்த வயலில் இட்ட துளையில் வெறும் புழுதியே எழுவதுண்டு. உழவர் கடன் பெற்ற பணம் அப்புழுதியோடு போய்விடும்.

நீரைத் தேடும் முயற்சி மிகப் பழமையானது. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில், மரங்களையும் கறையான் புற்றுகளையும் நீர்க்குறிகளாகக் கூறினார். உள்ளங்கையில் தேங்காயை ஏந்தி நடந்து நீரோட்டம் பார்ப்போர் இன்றும் உளர். அறிவியல் அம்முறையை ஏற்பதில்லை.

நிலவியல் அறிஞர் முதலில் பாறையின் வகையையும், சுற்றியுள்ள கிணறுகளின் ஆழத்தையும் ஆராய்வர். செயற்கைக்கோள் படங்களில் ஓடைகளும் மரவரிசைகளும் நேர்கோடாகத் தோன்றினால், அங்குப் பாறை வெடிப்பு இருக்கக்கூடும் என ஐயுறுவர். பின்னர் நான்கு உலோகக் கம்பிகளை ஒரே வரிசையில் நிலத்தில் ஊன்றுவர். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, உட்கம்பிகள் இரண்டிற்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்பர். வெளிக்கம்பிகளின் இடைவெளியைப் பெருக்கப் பெருக்க, மின்சாரம் மேலும் ஆழமாகச் செல்லும். உலர்ந்த பாறை மின்சாரத்தை மிகவும் தடுக்கும். நீர் நிறைந்த வெடிப்பு அவ்வளவாகத் தடுப்பதில்லை. எனினும் களிமண்ணும் நீரைப்போலவே கருவியை ஏமாற்றும். எனவே ஒரு குறியை மட்டும் நம்பாமல், பல குறிகளும் ஒத்துவரும் இடத்தையே தேர்ந்தெடுப்பர். இறுதியில் துளையிட்டுப் பார்த்தே உண்மை துணியப்படும்.

இடத்தைக் கண்டறிவதோடு நம் கடமை முடிந்துவிடாது. கோவை வட்டாரத்தில் ஆயிரம் அடியைக் கடந்த ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. ஆழம் கூடக்கூட வெடிப்புகள் பொதுவாகக் குறையும். மேலிருந்து மழைநீர் இறங்காவிடில், எக்கருவியும் இல்லாத நீரைக் காட்டாது. குளங்களைத் தூர்வாரி மழைநீரை மண்ணுக்குள் சேர்ப்போமாயின், தேடுவோர்க்கு நிலமகள் நீர் தருவாள்.