திரையில் தமிழ் பேசிய முதல் கதாநாயகி!

தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய ஆண்டு 1931. படத்தின் பெயர் "காளிதாஸ்". அதில் கதாநாயகியாக நடித்துத் தமிழில் பேசியவர் டி. பி. ராஜலட்சுமி. நாடக மேடையிலிருந்து வந்து, "சினிமா ராணி" என்று பெயர் பெற்றவர்.

வேலூர்க்காரரின் ஊமைப் படம்

அதற்கு முன் வந்த படங்கள் ஊமைப் படங்கள். வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார், 1910-களின் பிற்பகுதியில் "கீசக வதம்" எடுத்தார். தென்னாட்டின் முதல் கதைப் படம் அதுவே. நடிகர்கள் வாயசைத்தார்கள்; குரல் கேட்கவில்லை.

படம் பேசத் தொடங்கியதும், முகம் மட்டும் போதவில்லை. குரலும் வேண்டியிருந்தது. அப்போது பின்னணிப் பாடகர்கள் கிடையாது. காமிரா ஓடும்போதே நடிப்பவர் பாட வேண்டும்.

வறுமை காட்டிய வழி

ராஜலட்சுமி 1911-ல் திருவையாற்றில் பிறந்தார். சிறு வயதிலேயே கல்யாணம் ஆயிற்று. அது நிலைக்கவில்லை. தந்தையும் காலமானார். வயிற்றுப் பிழைப்புக்காக அந்தச் சிறுமி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். குடும்பப் பெண் மேடை ஏறினால் ஊர் தூற்றிய காலம் அது!

ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசியில் தரையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அந்தப் பழக்கமே பின்னால் கைகொடுத்தது.

அவள் தமிழ், அவன் தெலுங்கு!

"காளிதாஸ்" பம்பாயில் தயாராயிற்று. இந்தியாவின் முதல் பேசும் படமான "ஆலம் ஆரா"வை எடுத்த அர்தேஷிர் இரானியின் கம்பெனியே இதையும் எடுத்தது. எச். எம். ரெட்டி டைரக்ட் செய்தார். கதாநாயகி தமிழில் பேசினாள். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னான்! பழங்காலக் கதைக்கு நடுவே தேசபக்திப் பாட்டும் கேட்டது.

அக்டோபர் 31-ல் படம் வெளியாயிற்று. படப்பெட்டி சென்னைக்கு வந்தபோது, ஜனங்கள் பூத்தூவி, கற்பூரம் காட்டி ஊர்வலமாக எடுத்துச் சென்றார்களாம்!

கதையும் அவரே, டைரக்டரும் அவரே

புகழ் வந்தபின் ராஜலட்சுமி நடிப்போடு நிற்கவில்லை. நாவல் எழுதினார். அதையே 1936-ல் "மிஸ் கமலா" என்ற படமாக டைரக்ட் செய்தார். தமிழ்ப் படத்தை டைரக்ட் செய்த முதல் பெண் அவர்தான். பிறர் எழுதியதைப் பேசி வந்தவர், தாம் எழுதியதைப் பிறரைப் பேச வைத்தார்!

1964-ல் அவர் காலமானார். "காளிதாஸ்" படச்சுருளும் இன்று இல்லை. "கீசக வத"மும் இல்லை. அந்தக் காலச் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். வைத்திருந்தாலும் நாளடைவில் கெட்டுப்போகும். "காளிதா"ஸில் ராஜலட்சுமி பேசிய பேச்சை இனி யாரும் கேட்க முடியாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் கிடக்கிறதா? எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படமே போனபின், அது ஒன்றுதான் மிச்சமாக இருக்கலாம்!