காதுக்கு எட்டாத எழுத்து

இலங்கையின் மலையகத்தில், வட்டவளையைத் தாண்டி ஹட்டனுக்கு ஏறும் ரயில் பாதையில் றொசல்ல ஒரு சிறிய நிலையம். அதன் பெயரைத் தமிழில் எழுதும்போதே ஒரு சிக்கல். சிங்களப் பெயரில் 'ச'வை ஒட்டி வரும் உயிரொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை; நாம் 'ச' என்றே எழுதிச் சமாளிக்கிறோம். ஆங்கிலத்திலோ நடுவில் ஓர் 'இசட்'டும் இரட்டை 'எல்'லும் வந்து சேர்கின்றன. அந்த ஆங்கில எழுத்துகளை மெக்சிகோவிலிருந்து வந்த பயணி வாசித்தால் 'றொசேயா' என்பார். மாட்ரிட்காரர் 'றொதேயா' என்பார். இருவர் வாசிப்பும் அவரவர் ஊர் விதிப்படி சரிதான். ஸ்பானிய மொழியில் இரட்டை 'எல்'லை இன்று பெரும்பாலோர் 'ய' போலவே ஒலிக்கிறார்கள். 'இசட்' லத்தீன் அமெரிக்காவில் 'ச' ஆகவும், ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலியாகவும் இருக்கிறது.

றொசல்லயைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று ஆரம்ப வகுப்புகளைத் தாண்டுவதற்குள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று எழுத்து முறைகளைப் பழகத் தொடங்கிவிடுகிறது. மனித மூளைக்கு இது லேசான வேலை இல்லை. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் ஓர் இடம் பரிணாமத்தில் உருவாக அந்தக் காலம் போதாது. பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டனிஸ்லாஸ் டெஹேன் காட்டியபடி, உருவங்களை அடையாளம் காணும் ஒரு பகுதியை, இடது மூளையின் பின்கீழ்ப் பக்கத்தில், வாசிப்பு தனக்கென எடுத்துக்கொள்கிறது. சீனம் வாசிப்பவருக்கும் ஆங்கிலம் வாசிப்பவருக்கும் கிட்டத்தட்ட அதே இடம். ஆகவே நான்காவதாக ஸ்பானிய மொழியைத் தொடும் ஒரு மலையக இளைஞர் வெறும் கையோடு போகவில்லை. எழுத்தை உள்வாங்கும் இடம் அவருக்குள் ஏற்கெனவே நன்றாகப் பழகிக் கிடக்கிறது.

ஸ்பானிய மொழியை வாசிக்கக் கற்பது உண்மையிலேயே எளிது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றின் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்டு பிலிப் சீமோரும் அவருடைய சகாக்களும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழகிய சொற்களை வாசிக்கக் கொடுத்தபோது ஸ்பானியப் பிள்ளைகள் நூற்றுக்கு 95 சொற்களைச் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் கற்ற ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் வாசித்தது 34. இதற்குப் பிள்ளைகளின் கெட்டித்தனம் காரணமில்லை, எழுத்து முறைதான் காரணம். ஸ்பானிய மொழியில் எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடும். ஒரு சில விதிகளைப் பிடித்துக்கொண்டால், பொருள் தெரியாத சொல்லைக்கூட உரக்க வாசித்துவிடலாம்.

எழுதும்போதுதான் தடுமாற்றம். ஸ்பானியர் 'ஓலா' என்று சொல்லுவதை 'எச்' போட்டு எழுதினால் 'வணக்கம்'. 'எச்' இல்லாமல் எழுதினால் கடலலை. அந்த 'எச்' வாயில் வருவதே இல்லை. 'பீ', 'வீ' இரண்டுக்கும் ஒரே ஒலிதான். 'பாக்கா' என்று காதில் விழுவதை 'வீ'யில் தொடங்கினால் பசு, 'பீ'யில் தொடங்கினால் வண்டியின் கூரையில் சாமான் கட்டும் தட்டு. எந்த எழுத்து என்று காது சொல்லித் தராது.

நமக்கு இது புதிதா என்ன? கறியும் கரியும் நம் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்று பிள்ளை கொப்பியில் திணறுகிறது. சிங்களத்திலும் எழுத்தில் இரண்டு நகரமும் இரண்டு லகரமும் உண்டு. இன்றைய பேச்சில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஸ்பெயினில் 'வீ'யா 'பீ'யா என்று பென்சிலைக் கடிக்கும் பிள்ளைக்கும் றொசல்லப் பிள்ளைக்கும் இருப்பது ஒரே கஷ்டம்.

இதைக் கண்தான் தீர்க்க வேண்டும். இஸ்ரேலிய உளவியலாளர் டேவிட் ஷேர் 1995இல் விரிவாக முன்வைத்த கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. புதிய சொல் ஒன்றை எழுத்தெழுத்தாக ஒலித்து வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் வாசிப்பவர் தனக்குத் தானே ஆசிரியராகிறார்; அந்தச் சொல்லின் எழுத்துக்கோலம் மனதில் பதிகிறது. சில தடவை கண்டாலே போதும். அப்படியானால் சரியாக எழுத விரும்புகிறவர் முதலில் நிறைய வாசிக்க வேண்டும். பட்டியல் போட்டு மனனம் செய்வதைவிட, ஒரு சுவையான கதையில் அந்தப் பசு நாலு பக்கம் நடந்துபோனால் அதன் 'வீ' தானாகவே நிலைத்துவிடும்.

இதை ஃபிஜித் தீவுகளில் செய்து பார்த்தார்கள். 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து, பிற்பாதியில் சென்னை வழியாகத் தமிழர்களையும், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்ற தீவுகள் அவை. மலையகத் தமிழரான நம் கதையின் இன்னொரு கிளை. அங்கே கிராமத்துப் பாடசாலைகளில் ஆங்கிலம் அந்நிய மொழி, வீட்டில் புத்தகம் அரிது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் வகுப்பு ஒன்றுக்குச் சுமார் 250 கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். படம் நிறைந்த, பிள்ளைகளே ஆசைப்பட்டு எடுக்கும் புத்தகங்கள். மற்ற வகுப்புகளில் வழக்கமான பாடநூலும் பயிற்சியும் தொடர்ந்தன. முதல் ஆண்டு முடிவில் கதை வாசித்த பிள்ளைகளின் வாசிப்பும் கேட்டறியும் திறனும் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் முன்னேறியிருந்தன. இரண்டாம் ஆண்டில் நடந்ததுதான் அதிசயம்: அந்த வளர்ச்சி எழுத்துக்கும் பரவியது. ஆய்வு 1983இல் வெளியானது. பின்னர் 1990களில் எல்லி இலங்கைப் பாடசாலைகளிலும் இதே வழியில் ஒரு முன்னோடித் திட்டத்தை மதிப்பிட்டார். லயத்து வீட்டில் புத்தக அலுமாரி இல்லை என்பது வறுமையின் விளைவு. அதைப் பிள்ளையின் திறமைக் குறைவாக எண்ணிக் கைகழுவுவது பெரிய அநியாயம். அலுமாரி வகுப்பறைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை ஃபிஜி காட்டிவிட்டது.

எந்தப் புத்தகம் என்பதில் கவனம் வேண்டும். கதையை யாருடைய துணையும் இல்லாமல் ரசிக்க, அதிலுள்ள சொற்களில் நூற்றுக்குச் சுமார் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூ, நேஷன் இருவரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு தந்த கணக்கு. செர்வாண்டெஸின் 'தோன் கிஹோத்தே'யை முதல் மாதமே திறப்பவர் மூன்றாம் வரியில் அகராதிக்குள் புதைந்துபோவார். கற்பவருக்கென்று எளிமையாக எழுதப்பட்ட கதைகளிலிருந்து தொடங்குவதே நல்லது. ஈழத்துத் தமிழருக்குச் சிறு கைமுதலும் இருக்கிறது. போர்த்துக்கேயர் விட்டுப்போன பாண், மேசை, சப்பாத்து ஆகியவற்றுக்கு அவர்களின் அண்டை மொழியான ஸ்பானியத்திலும் 'பான்', 'மேசா', 'சப்பாத்தோ' என்றே பெயர்.

வாசிப்பு மட்டும் போதுமா என்றால், போதாது. கனடாவில் பிரெஞ்சு வழியில் ஆண்டுக்கணக்கில் படித்த ஆங்கிலப் பிள்ளைகள் வாசித்தும் கேட்டும் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை. மெரில் ஸ்வைன் 1985இல் அதற்குச் சொன்ன விளக்கம்: வாசிக்கும்போது பொருள் கிடைத்ததும் மனம் தாவிச் சென்றுவிடுகிறது, எழுத உட்காரும்போதுதான் சொல்லும் முறையையும் கவனிக்க நேர்கிறது. இதற்கு மொழி ஆசிரியர்கள் கையாளும் ஒரு பயிற்சியை எந்த வகுப்பிலும் செய்யலாம். ஐந்தாறு வரிப் பத்தி ஒன்றை ஒருவர் இயல்பான வேகத்தில் இரண்டு தடவை வாசிக்கிறார். கேட்பவர் முக்கியமான சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, பிறகு பத்தியைத் தன் முயற்சியில் திரும்ப எழுதுகிறார். கடைசியில் மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுகிறார். விட்டுப்போன 'எச்', மாறிப்போன 'வீ', தவறிய வினைமுடிவு எல்லாம் சிவப்பு மையில்லாமலே கண்ணில் படுகின்றன. ஸ்பானியப் பத்திக்குப் பதில் சிங்களப் பத்தியை வைத்தாலும் பயிற்சி அப்படியே பொருந்தும்.