நான்காவது இருக்கை

தீயணைப்பு வண்டியில் மூன்று பேர் போனால் போதுமா, நான்கு பேர் வேண்டுமா? அமெரிக்க நகரங்களில் தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கமும் நிர்வாகமும் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்வி இது. கேட்க அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படியில்லை. அங்கே பல ஊர்களில் வீரர்கள் 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு என்று சுற்றுகிறார்கள். சராசரியாக வாரத்துக்கு 56 மணி நேரம். வாரத்தின் 168 மணி நேரமும் ஓர் இருக்கை காலியாகாமல் இருக்க மூன்று பேருக்குச் சம்பளம் தர வேண்டும். விடுப்பும் காயமும் சேர்ந்தால் மூன்று பேரும் போதாது. இதை ஊரிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் பெருக்கிப் பார்க்கும் நிதி அதிகாரிக்குத் தூக்கம் எப்படி வரும்?

தீ காத்திருக்காது என்பது சங்கத்தின் பதில். இது வெறும் கோஷமல்ல. தீ வளர்வதைக் கணிக்கப் பொறியாளர்கள் கையாளும் எளிய சூத்திரத்தில், வெப்பம் வெளிப்படும் வேகம் நேரத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. நேரம் இரண்டு மடங்கானால் தீயின் வலு நான்கு மடங்கு. கூரைக்கடியில் தேங்கும் புகை சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அறையிலுள்ள பொருள்கள் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர் பிழைப்பது அரிது. போதாக்குறைக்கு, 1998இல் வந்த பணிப் பாதுகாப்பு விதியின்படி, எரியும் கட்டடத்துக்குள் இருவர் நுழைந்தால் இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும். உயிர்மீட்புக்கு மட்டும் விலக்கு உண்டு. மூவராகப் போனவர்கள் அடுத்த வண்டிக்காக வாசலில் நிற்க நேரும்.

இரு தரப்பும் பேசிப் பேசி ஓய்ந்த இடத்தில் கடிகாரம் வந்தது. 1918இல் தொடங்கிய வீரர்களின் பன்னாட்டுச் சங்கமும், 1873இலேயே தோன்றிய தீயணைப்புத் தலைவர்களின் சங்கமும், நிஸ்ட் எனப்படும் அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனமும் ஒரே ஆய்வில் கைகோத்தன. தலைவர்கள் பாடுதான் சங்கடம். மேலே நகரசபை, கீழே சங்கம். மேரிலாந்தின் மான்ட்கொமரி கவுன்ட்டியில் ஏறக்குறைய 2,000 சதுர அடியில் இரண்டு மாடி வீடு ஒன்றைக் கட்டி, அறுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தினார்கள். வண்டிக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பேர் என்று மாற்றி மாற்றி அனுப்பினார்கள். குழாய் விரிப்பது, கதவை உடைத்துத் திறப்பது, ஏணி சாத்துவது, ஆளைத் தேடுவது என 22 வேலைகளுக்கும் நேரம் குறிக்கப்பட்டது.

2010இல் முடிவு வந்தது. நால்வர் குழு எல்லா வேலைகளையும் முடிக்க எடுத்த நேரம், மூவர் குழுவைவிட சராசரியாக 5.1 நிமிடம், அதாவது 25 சதவீதம் குறைவு. தீயின் வர்க்கக் கணக்கை நினைத்தால் அந்த ஐந்து நிமிடம் சின்னதல்ல. ஆனால் ஐந்தாவது ஆள் ஏறியதால் மொத்த நேரம் குறையவில்லை. எனக்கு இந்த ஆய்வின் மேல் நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். ஆள் கூடக் கூட நல்லது என்ற சங்க வாதத்துக்குச் சாதகமில்லாத எண்ணும் அதே அறிக்கையில் அச்சாகியிருக்கிறது. ஆனால் நான்காவது ஆளுக்கான பணத்தை யார் தருவது என்பதைக் கடிகாரம் சொல்லாது. அதற்குப் பேச்சுவார்த்தை மேசைதான்.

சோதனைக்கு எடுத்தது சாதாரண வீடு என்பதையும் அறிக்கை மறைக்கவில்லை. அதனால் 2013இல் அடுத்த அறிக்கை வந்தது. வர்ஜீனியாவின் கிரிஸ்டல் சிட்டியில் காலியாகக் கிடந்த 13 மாடிக் கட்டடத்தில் இதே விளையாட்டு. அங்கே மூவர் குழு, நால்வர் குழுவைவிடச் சுமார் 12 நிமிடம் பின்தங்கியது. ஐவர் குழுவைவிட 21 நிமிடம், அறுவர் குழுவைவிட 23 நிமிடம். வீட்டில் வேலையில்லாமல் போன ஐந்தாவது ஆள், மாடி ஏறியதும் ஒன்பது நிமிடத்தை மிச்சப்படுத்தினார். ஆறாவது ஆள் இரண்டை மட்டும்.