சூலம் ஏந்திய வெள்ளிக்காசு! எடைக்குப் போட்டு ஏமாறாதீர்!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துப் பழைய வீடுகளில் ஆயா வைத்துவிட்டுப் போன தகரப்பெட்டியைக் கிளறினால், சில சமயம் கனத்த வெள்ளிக்காசு ஒன்று கையில் தட்டுப்படும். பழைய வெள்ளி ரூபாயை விடப் பெரிசு. ஒரு பக்கத்தில் சூலமும் கேடயமும் ஏந்தி ஒரு பெண் நிற்பாள். பின்னால் கடலில் ஒரு கப்பல். பார்த்தவுடன் அம்மன் காசு என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

அவள் அம்மன் அல்ல. பிரிட்டானியா! வெள்ளைக்காரன் தன் நாட்டுக்குச் சின்னமாக வைத்துக்கொண்ட பெண். காசின் பெயர் 'டிரேட் டாலர்'. அதாவது வியாபார டாலர்.

எதற்காக அடித்தார்கள்?

சீனா, ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு பக்கம் வியாபாரம் செய்வதற்காகவே 1895 முதல் 1935 வரை இந்தக் காசு அடிக்கப்பட்டது. பெரும்பகுதி பம்பாயிலும் கல்கத்தாவிலும் தயாரானது. மறுபக்கத்தில் சீன எழுத்திலும், அரபி எழுத்தில் மலாய் மொழியிலும் 'ஒரு டாலர்' என்று இருக்கும்.

சென்னையில் அடிக்கவில்லை. தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் கொடுத்த நாணயச்சாலை 1869-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் துறைமுக ஊராயிற்றே! கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள் மடியில் முடிந்து கொண்டுவர வழி இருந்தது.

'செல்லாக் காசும்மா!'

இனிமேல்தான் விஷயம். வீட்டில் அவசரம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும். காசை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறார்கள். "இது செல்லாக் காசும்மா. எடைக்குத்தான் எடுப்பேன்" என்று பதில் வருகிறது. அதிலும் 'கழிவு' என்று கொஞ்சம் போய்விடும். காசு மூசைக்குள் போய் உருகினால் அதோடு கதை முடிந்தது!

கணக்கு இதுதான். காசின் எடை 26.95 கிராம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. ஆக, சுத்த வெள்ளி சுமார் 24 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது அடிமட்ட விலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. காசு சேகரிப்பவர்கள் அதற்கு மேலும் கொடுப்பார்கள்.

விக்டோரியா, ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்க்கும் இதே கணக்குத்தான். எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். ஆனால் 1940 முதல் அடித்த ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல்!

விலை ஏறுவதும் இறங்குவதும்

வருஷத்தைப் பார்க்க வேண்டும். 1935-ல் அடித்ததில் பெரும்பகுதி மறுபடி உருக்கப்பட்டுவிட்டது. அதனால் அந்த வருஷத்துக் காசு அபூர்வம். 1921-ம் அப்படியே. அபூர்வம் என்பதால் போலியும் அதில்தான் அதிகம் வரும். உஷார்!

அடுத்து, சூலத்தின் நடு முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சின்னதாக 'பி' எழுத்து இருந்தால் பம்பாய்க் காசு.

சில காசுகளில் சீன வியாபாரிகள் குத்திய சாப்பா இருக்கும். வெள்ளி நல்லதுதான் என்று அவர்கள் சோதித்துப் போட்ட முத்திரை அது. சிலர் அதைக் குறை என்று தள்ளுவார்கள். சிலர் அதையே தேடி வாங்குவார்கள்.

வீட்டுக்காரர்கள் செய்கிற பெரிய தப்பு, திருநீறோ பல்பொடியோ போட்டுத் தேய்ப்பது. காசு பளபளக்கும், விலை பாதாளத்துக்குப் போகும்! வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்ட காசுக்கும் மதிப்பு குறைவு.

போலியை எப்படிப் பிடிப்பது?

முதலில் தராசு. எடை கணிசமாகக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். அடுத்து காந்தம். ஒட்டினால் இரும்பு கலந்த போலி. ஒட்டாவிட்டால் நல்ல காசு என்று அர்த்தமில்லை. செம்பும் ஒட்டாது! எழுத்து மழுங்கல், ஓரத்து வரி கோணல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பேரிடம் காட்டாமல் விற்கக் கூடாது.

போனில் வரும் மோசடி

"உங்க காசு பல லட்சம் போகும், முதல்ல கமிஷனும் வரியும் கட்டுங்க" என்று போனில் ஆசை காட்டும் கும்பலும் உண்டு. இதற்கு ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்துகிறார்கள். அப்படி எந்த வியாபாரமும் தாங்கள் செய்யவில்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்க வந்தவனிடமே முன்பணம் கேட்டால் அது மோசடிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நூறு வருஷம் தாண்டிய காசு, 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொன்மைப் பொருள். கப்பல்காரர் மூலமாகவோ வேறு வழியாகவோ வெளிநாட்டுக்குக் கடத்தினால் குற்றம். அஸ்திவாரம் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1878-லிருந்தே உள்ள சட்டம்.

கஷ்டத்திலும் விற்காமல் ஆயா காப்பாற்றி வைத்த காசு அது. அவசரப்பட்டு அஞ்சு நிமிஷத்தில் தராசுத் தட்டில் போட்டுவிடலாமா?