கிரீஸ் ஜெயித்த ராத்திரி

ஓட்டோ ரெஹாகல் என்று ஒரு கால்பந்துப் பயிற்சியாளர். ஜெர்மனிக்காரர். 2001இல் கிரீஸ் நாட்டு அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். கிரேக்க மொழி தெரியாது. அவர் ஜெர்மன் மொழியில் சொல்ல, உதவியாளர் அதைக் கிரேக்கத்தில் சொல்ல, வீரர்கள் தலையாட்டுவார்கள். அவர் பொறுப்பேற்றபின் நடந்த முதல் ஆட்டம் பின்லாந்தோடு. 5-1 என்ற கணக்கில் கிரீஸ் உதை வாங்கியது.

மூன்று வருடம் கழித்து, 2004 ஜூலை 4ஆம் தேதி இரவு, அதே கிரீஸ் ஐரோப்பாவின் சாம்பியன் ஆனது.

இதில் என்ன அதிசயம் என்று புரிய, கிரீஸின் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் அந்த அணி பெரிய போட்டிகளுக்குத் தகுதி பெற்றதே இரண்டு முறைதான். 1980இல் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையில் ஒரு ஆட்டம் டிரா, இரண்டு தோல்வி. 1994 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. வாங்கிய கோல் 10, போட்ட கோல் பூஜ்யம். ஆக, பெரிய போட்டியில் ஒரே ஒரு ஆட்டம்கூட ஜெயித்திராத அணி அது. "சும்மா போய் விளையாடிவிட்டு வாங்கப்பா" என்று வழியனுப்பி வைப்போமே, அந்த மாதிரி.

2004 யூரோ போர்ச்சுகலில் நடந்தது. முதல் ஆட்டமே போர்ச்சுகலோடு. கிரீஸ் 2-1 என்று ஜெயித்தது. சரி, ஏதோ ஒரு நாள் அப்படி அமைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்பெயினோடு டிரா. ரஷ்யாவிடம் 2-1 என்று தோல்வி. புள்ளிகளில் ஸ்பெயினும் கிரீஸும் சமம். போட்ட கோல்களின் எண்ணிக்கையில்தான் கிரீஸ் அடுத்த சுற்றுக்குப் போனது. ரஷ்யா இன்னும் ஒரு கோல் போட்டிருந்தால் கிரீஸ் அன்றே பெட்டியைக் கட்டியிருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. காலிறுதியில் அப்போதைய சாம்பியன் பிரான்ஸை 1-0. அரையிறுதியில் செக் குடியரசை 1-0. இறுதி ஆட்டத்தில் மறுபடியும் போர்ச்சுகல்! லிஸ்பன் நகரில், 62,000க்கும் மேற்பட்டவர்கள் நிறைந்த அரங்கில், 57ஆவது நிமிடம் பாசினாஸ் கார்னரிலிருந்து பந்தை உதைத்தார். காரிஸ்டேயாஸ் எகிறி, தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அங்கேயும் 1-0. மூன்று ஆட்டங்களிலும் ஒரே கோல், மூன்றும் தலையால் முட்டிய கோல்.

ஏதென்ஸ் நகரத்தில் அப்போது நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒமோனியா என்ற சதுக்கம் ஜனக்கடலானது. ஒமோனியா என்றால் கிரேக்கத்தில் ஒற்றுமை என்று பொருள். கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தன. நீலமும் வெள்ளையுமாகக் கொடிகள். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். மறுநாள் அணி ஊர் திரும்பியதும், 1896இல் முதல் நவீன ஒலிம்பிக் நடந்த வெள்ளைப் பளிங்கு அரங்கில் வரவேற்பு. அங்கேயும் கூட்டம் பொங்கி வழிந்தது.

இப்போது என்னிடம் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சின்ன அணி எப்படி ஜெயித்தது? ஜெயித்ததற்கு ஏன் அவ்வளவு கும்மாளம்?

முதல் கேள்விக்கு ஒரு விளையாட்டு விளையாடிப் பார்ப்போம். பத்துத் துண்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏழில் 'பெ' என்று எழுதுங்கள், பெரிய அணி. மூன்றில் 'சி' என்று எழுதுங்கள், சின்ன அணி. மடித்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஒரு சீட்டு எடுத்தால் ஒரு கோல். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும், மறக்காதீர்கள்.

முதலில், ஒரே ஒரு சீட்டு எடுத்து ஆட்டத்தை முடியுங்கள். இப்படி நூறு ஆட்டம் ஆடினால் சின்ன அணி ஏறக்குறைய 30 ஆட்டம் ஜெயிக்கும். அடுத்து, ஒரு ஆட்டத்துக்கு மூன்று சீட்டு, யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி என்று வையுங்கள். இப்போது சின்ன அணி நூறில் 22 முறைதான் ஜெயிக்கும். ஒரு ஆட்டத்துக்கு 101 சீட்டு என்று வைத்தால்? ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் சின்ன அணி ஒன்றாவது ஜெயிப்பது கஷ்டம். (உங்கள் கை வலிக்கும், இதை மட்டும் கணினியில் செய்யுங்கள்.)

டப்பா மாறவில்லை, சீட்டும் மாறவில்லை. எத்தனை முறை எடுக்கிறோம் என்பதுதான் மாறியது. நிறைய முறை எடுத்தால் அதிர்ஷ்டம் கரைந்துபோய்த் திறமை மட்டும் மிஞ்சும். கொஞ்சமாக எடுத்தால் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும்.

கூடைப்பந்தில் ஓர் அணி எண்பது, நூறு புள்ளி எடுக்கிறது. அது நிறையச் சீட்டு எடுக்கும் ஆட்டம். கால்பந்து அப்படி இல்லை. 2004 யூரோவில் மொத்தம் 31 ஆட்டம், 77 கோல். ஆட்டத்துக்கு இரண்டரை கோல்தான். அதனால்தான் எறும்பு யானையைச் சாய்க்கும் கதை கால்பந்தில் அடிக்கடி நடக்கிறது.

ரெஹாகல் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டாரா, நமக்குத் தெரியாது. ஆனால் அவருடைய ஆட்டமுறை இந்தக் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தன் கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி ஆட்களை நிறுத்துவது, எதிராளியின் நட்சத்திர வீரரை நிழல்போல ஒட்டிக்கொண்டே போவது, கார்னர் கிடைத்தால் உயரமான ஆட்களை முன்னே அனுப்புவது. விளைவு, ஆட்டத்தில் கோலே அரிதாகிவிடும். சீட்டு எடுக்கும் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிட்டார் மனிதர்! "தூக்கம் வருகிறது, இதெல்லாம் ஒரு ஆட்டமா" என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். எனக்கும் அந்த ஆட்டங்களை உட்கார்ந்து முழுதாகப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை தேவைப்பட்டது. ஆனால் கையில் மூன்று சீட்டு மட்டும் வைத்திருப்பவர் வேறு என்னதான் செய்வார்? ஹெராக்லிஸ் என்ற கிரேக்கப் புராண வீரனின் பெயரை ரெஹாகலின் பெயரோடு குழைத்து 'ரெஹாக்லிஸ்' என்றே கூப்பிட்டார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு ஆட்டத்தில் நூறுக்கு முப்பது வாய்ப்பு என்றால், மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்து ஜெயிக்க 0.3 × 0.3 × 0.3. அதாவது 0.027. ஆயிரத்தில் 27. முப்பது என்பது கணக்குக்காக நான் வைத்த எண்தான். ஆனாலும் ஒற்றை அதிர்ஷ்டம் வேறு, தொடர் அதிர்ஷ்டம் வேறு என்பது இதில் தெரியும். அதிர்ஷ்டத்துக்கு நாற்காலி போட்டுக் கொடுக்கலாம், அது வந்து உட்கார வேண்டுமே!

இனி இரண்டாவது கேள்வி. இதற்குப் பதில் தேட ஒரு சோதனைக்கூடத்துக்குள் போக வேண்டும்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை விஞ்ஞானி சுவிட்சர்லாந்தில் இருந்தபோது குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார். மிக மெல்லிய மின்முனையை மூளையின் நடுப்பகுதிக்குள் செலுத்தி, அங்கே டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு செல்கள் எப்போது துடிக்கின்றன என்று கவனித்தார். குரங்கின் வாயில் திடீரென்று ஒரு சொட்டுப் பழச்சாறு விழும். உடனே அந்த செல்கள் படபடவென்று துடித்தன. எதிர்பார்த்ததுதானே என்கிறீர்களா? பொறுங்கள்.

அடுத்து, சாறு வருவதற்குச் சற்றுமுன் ஒரு விளக்கை எரியவிட்டார். விளக்கு, சாறு. விளக்கு, சாறு. பல முறை இப்படி. குரங்கு பழகிக்கொண்டது. இப்போது செல்கள் விளக்கைக் கண்டதும் துடித்தன. சாறு வந்தபோது? ஒரு சலனமும் இல்லை! அதே சாறு, அதே ருசி, ஆனால் செல்களுக்கு அது செய்தி இல்லை.

மூன்றாவதாக, விளக்கை எரியவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் ஏமாற்றினார். சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில், வழக்கமாக இருக்கும் மெல்லிய துடிப்புகூட அடங்கிப்போனது.

டோபமினை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. இந்தச் சோதனைப்படி பார்த்தால், அந்த செல்கள் ஒரு கழித்தல் கணக்கைப் போடுகின்றன: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழி. நிறையக் கிடைத்து, எதிர்பார்ப்பு குறைவாக இருந்தால் விடை பெரிது. எதிர்பார்த்த அளவே கிடைத்தால் விடை பூஜ்யம். எதிர்பார்த்துக் கிடைக்காவிட்டால், பூஜ்யத்துக்கும் கீழே. மூளை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. எங்கே கணிப்பு பிசகியதோ அங்கே திருத்தம் போடுகிறது. இந்த ஆய்வுக்காக 2017இல் ஷுல்ட்ஸுக்கும் இன்னும் இருவருக்கும் 'மூளைப் பரிசு' கொடுத்தார்கள்.

ஏதென்ஸ் சதுக்கத்தில் யாரும் மின்முனையோடு திரியவில்லை. கூட்டத்தின் மகிழ்ச்சியை ஒரு ரசாயனத்துக்குள் அடைக்கவும் முடியாது. அதில் நட்பு இருக்கிறது, நாட்டுப்பற்று இருக்கிறது, தொண்டை கிழியக் கத்தும் சுகம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கழித்தல் கணக்கை அன்றைய இரவின் மேல் வைத்துப் பாருங்கள். கிரீஸ் பக்கம் எதிர்பார்ப்பு அநேகமாக ஒன்றுமில்லை, கிடைத்ததோ கோப்பை. போர்ச்சுகல் பக்கம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது: சொந்த மண், சொந்தக் கூட்டம், இதுவரை தொடாத கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். சாறு மட்டும் வரவில்லை. அன்று 19 வயதுப் பையனாக ஆடிய கிறிஸ்டியானோ ரொனால்டோ மைதானத்திலேயே தேம்பி அழுதார்.

இந்தக் கணக்கை நீங்களே உங்கள் வீட்டில் பிடிக்கலாம். நீங்கள் கைப்பேசியில் ஆட்டம் பார்க்கிறீர்கள். பந்து இன்னும் நடு மைதானத்தில்தான் உருள்கிறது. பக்கத்து வீட்டு டி.வி.யிலிருந்து "கோ...ல்!" என்று ஒரு அலறல். இணையம் வழியாக வரும் படம் பல விநாடிகள் பிந்தி வருவதால் இப்படி. பிறகு உங்கள் திரையிலும் கோல் விழுகிறது. "சே" என்று இருக்கிறதல்லவா? அதே கோல்தான். பக்கத்து வீட்டு அலறல் உங்களுக்கு விளக்காகிவிட்டது. துடிக்க வேண்டிய செல்கள் அலறலுக்கே துடித்து முடித்துவிட்டன.

கோல் விழுந்ததும் கத்தும் தொண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரல்வளையில் இருக்கும் இரண்டு குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதித்தான் சத்தம் வருகிறது. விநாடிக்கு 250 மோதல் என்று வைத்தால், ஒரு மணிநேரக் கூச்சலில் ஒன்பது லட்சம் மோதல். நாண்கள் வீங்கிக் கனத்துவிடும், சரியாக மூடாது, இடுக்கு வழியே காற்று கசியும். மறுநாள் காலையில் வரும் கரகரப்பு இதுதான்.

தொண்டை மட்டுமா, தரையே அதிர்ந்த கதையும் உண்டு. ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டின் எரிமலைத் தொடருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, 2005 தொடங்கி விஞ்ஞானிகள் நாடெங்கும் 32 நில அதிர்வுமானிகளைப் புதைத்து வைத்தார்கள். 2006 தொடக்கத்தில் அவற்றில் புரியாத அதிர்வுகள் பதிவாயின. நிலநடுக்கம் என்றால் அலை ஓரிடத்தில் பிறந்து, பக்கத்துக் கருவிக்கு முதலிலும் தூரத்துக் கருவிக்குப் பிறகுமாகப் போய்ச் சேரும். இதுவோ தொலைதூர ஊர்களில் ஒரே நேரத்தில் தொடங்கியது. பூமிக்குள் அவ்வளவு வேகமாகப் போகும் அலை ஏது? துப்புத் துலக்கியபோது விடை டி.வி. பெட்டியில் இருந்தது. ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. கேமரூன் கோல் போட்ட நொடியில் ஊர் ஊராக மக்கள் குதித்திருக்கிறார்கள். எரிமலையைத் தேடப் போனவர்களிடம் கால்பந்து ரசிகர்கள் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் துப்பறியும் கதைகளில் இது ஒன்று.

போர்ச்சுகல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பன்னிரண்டு வருடம் காத்திருந்தது. 2016 யூரோ பிரான்சில். போர்ச்சுகல் முதல் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, மூன்றும் டிரா. தட்டுத் தடுமாறி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. இப்போது விளக்கு எரிந்தது பிரான்ஸ் பக்கம்: அவர்கள் மண், அவர்கள் கூட்டம். 25ஆவது நிமிடமே ரொனால்டோ முழங்கால் அடிபட்டு, கண்ணீரோடு தூக்குப் படுக்கையில் வெளியே போனார். டப்பாவில் போர்ச்சுகலுக்கு இருந்த சீட்டுகளில் பெரிய சீட்டே போய்விட்டது. கூடுதல் நேரம் வரை யாரும் கோல் போடவில்லை. 109ஆவது நிமிடம், மாற்று ஆட்டக்காரராக வந்த எடெர் தூரத்திலிருந்து ஒரு உதை உதைத்தார். 1-0.

ரொனால்டோ அன்று இரண்டாவது முறையும் அழுதார். அது ஒமோனியா சதுக்கத்தில் கிரேக்கர்கள் அழுத அழுகை.